புயல் முடிந்து பெங்களூரிலிருந்து சென்னை திரும்ப டாக்ஸி போடுகிறீர்களா, இதைப் படித்துவிட்டுப் போடுங்கள்

பெங்களூரில் வேலை, சென்னையில் வயதான அப்பா அம்மா என்று இருக்கிற நம்மைப் போன்றவர்களுக்குத்தான் இது. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 ராத்திரி புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அந்த வாரமே 'பெங்களூர் டு சென்னை ஒன் வே டாக்ஸி' என்று தேடினால் மேலே வந்து நின்ற விளம்பரத்தில், 2023-இல் எங்களை மொட்டை அடித்தவர்களின் அதே வெள்ளை கார் படம், அதே வாசகம், கம்பெனி பெயர் மட்டும் புதுசு. அதனால்தான் ஒரு வருடம் கழித்து இதை எழுதுகிறேன்.

எங்கள் வீடு சென்னைப் புறநகர் முடிச்சூரில். 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டுப் போனதிலிருந்து, பெரிய மழை என்று வானிலை ரமணன் காலத்துப் பாணியில் யாராவது டிவியில் சொன்னாலே எங்கள் தெருவில் பாதிப் பேர் பையைக் கட்டிவிடுவார்கள். 2023-இல் மிக்ஜாம் வருகிறது என்றதும் அப்பா, அம்மா, பெரியம்மா மூன்று பேரையும் தம்பி டிசம்பர் 3 ஞாயிற்றுக்கிழமையே ரயில் ஏற்றிவிட்டான். நல்ல வேளை. மறுநாள் பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி பக்கம் தண்ணீர் ஏறி ரயில்களை வரிசையாக ரத்து செய்தார்கள், ஏர்போர்ட்டும் மூடிவிட்டது. புயல் 5-ஆம் தேதி ஆந்திராவில் பாபட்லா அருகே கரையைக் கடந்தது, தண்ணீர் என்னவோ நம்ம ஊரில்தான் நின்றது. ஆக, கிளம்பி வந்ததில் ஒரு பிரச்சினையும் இல்லை. பிரச்சினை எல்லாம் திரும்பிப் போனதில்.

பெங்களூர் அல்சூரில் என் வீட்டில் இருந்த வரை அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வீடு முழுக்கச் சேறு, தம்பி ஒருத்தனே வாரிக்கொண்டிருக்கிறான். அதற்குள் அரசு 6,000 ரூபாய் நிவாரணம் அறிவித்து, ரேஷன் கடை வழியாக டோக்கன் தரப்போகிறார்கள் என்று செய்தி வந்ததும், "ரேஷன் கார்டு என் கையில இருக்கும்மா, நான் அங்க இருக்கணும்" என்று ஒரே பிடி. ரயிலில் எல்லாம் வெயிட்டிங் லிஸ்ட். பெரியம்மாவுக்கு முட்டி வலி, பஸ் ஆகாது. சரி, டாக்ஸி.

போனில் ஒரு பெண் பேசினார். கிலோமீட்டருக்கு 14 ரூபாய், டிரைவர் பேட்டா 400, டோல் எவ்வளவோ அது, "எல்லாம் சேர்த்து ஆறாயிரத்துக்குள்ள முடிஞ்சிடும் மேடம்." முடிச்சூர் என்று இடத்தைச் சொல்லித்தான் கேட்டேன், வாட்ஸப்பிலும் எழுதி வாங்கினேன். 1,000 ரூபாய் அட்வான்ஸ், ஒரு தனிநபர் பெயரில் இருந்த யுபிஐ கணக்குக்கு. சின்ன ஆபரேட்டர்கள் பலர் அப்படித்தான் வாங்குகிறார்கள், அதை வைத்து மட்டும் ஒன்றும் சொல்ல முடியாது.

காலையில் வந்து நின்றது வெள்ளை போர்டு வண்டி. சொந்த உபயோகத்துக்குப் பதிவான காரை வாடகைக்கு ஓட்டினால், வழியில் ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான். ஏற்ற மாட்டேன் என்று நின்றேன். அரை மனதாக மஞ்சள் போர்டு வண்டி ஒன்றை அனுப்பினார்கள், அது வருவதற்குள் வெயில் ஏறிவிட்டது. அப்பா வழக்கம்போல நம்பர் பிளேட், டிரைவர், கண்ணாடியில் ஒட்டியிருந்த தமிழ்நாடு பர்மிட் சீட்டு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார். (இந்தப் பழக்கத்தை நாங்கள் வீட்டில் கிண்டல் பண்ணுவோம்.) பெட்டிகள் டிக்கியில் போயின. பத்திரம், பாஸ்புக், ரேஷன் கார்டு எல்லாம் இருந்த ரெக்சின் பையையும் டிரைவரே "வசதியா உக்காருங்கம்மா" என்று அம்மா மடியிலிருந்து வாங்கி உள்ளே வைத்துவிட்டார்.

ஓசூர், கிருஷ்ணகிரி, வேலூர் என்று ரோடு நன்றாகத்தான் இருந்திருக்கிறது. வெளிவட்டச் சாலையில் வந்து வரதராஜபுரம் பக்கம் சர்வீஸ் ரோட்டில் இறங்கியதும் வண்டியை ஓரம் கட்டி, ஆபீஸிலிருந்து வந்த பில் என்று அப்பாவிடம் போனை நீட்டியிருக்கிறார். 412 கிலோமீட்டர். டோல் 1,180. பர்மிட் 650. 'வெள்ளப் பகுதிக் கட்டணம்' 1,500. பேட்டாவோடு சேர்த்து 9,498 ரூபாய். நான் கட்டிய ஆயிரம் இதில் கழியாதாம், அது புக்கிங் சார்ஜாம். தெருவில் சொட்டுத் தண்ணீர் இல்லை, வடிந்து காய்ந்து புழுதி பறந்துகொண்டிருந்தது.

தம்பி பைக்கில் ஓடினான். டிரைவர் சண்டை போடுகிற ஆளும் இல்லை. "காசு விழுந்துச்சுன்னு ஆபீஸ் சொல்லாம டிக்கியைத் திறந்தா என் கையிலேருந்து போயிடும் சார், இதுல எனக்கு பேட்டா மட்டும்தான்" என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். போலீஸைக் கூப்பிடலாம் என்றான் தம்பி. பெரியம்மாவோ பாத்ரூம் போக வேண்டும் என்று நெளிகிறார், ரேஷன் கார்டு டிக்கிக்குள். இங்கிருந்து பணத்தை அனுப்பினேன், டிக்கி திறந்தது. ஆபீஸ் நம்பர் அன்று மாலையிலிருந்து என் அழைப்பை எடுக்கவே இல்லை.

பெரியம்மா தபால் ஆபீஸ் கவுண்டரில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். வழியில் ஒவ்வொரு டோல் கேட்டிலும் திரையில் காட்டிய தொகையை, மாத்திரை அட்டையின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் குறித்துக்கொண்டே வந்திருக்கிறார், யாரும் சொல்லாமல்! ஓசூருக்கு முன்னால் அத்திப்பள்ளி தொடங்கி ஸ்ரீபெரும்புதூர் வரை கூட்டினால் 500-க்குள்தான் வந்தது. திரும்பி வரும் டோலையும் நம் தலையில் கட்டியிருக்கிறார்கள். பர்மிட் கதை இன்னும் அழகு. அப்பா எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தால், அந்தச் சீட்டு எங்கள் பயணத்துக்கு நாலு நாள் முன்பே ஒரு வாரத்துக்குக் கட்டியது. முன்னால் போன சவாரியிடமும் இதே 650-ஐ வாங்கியிருப்பார்கள் என்பது என் ஊகம். கிலோமீட்டருக்கு மேப்பைப் பார்த்தாலே போதும், அல்சூரிலிருந்து முடிச்சூர் 350-ஐத் தாண்டாது.

இவை எல்லாவற்றையும் இணைத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தேன். தம்பி எடுத்த காய்ந்த தெருவின் போட்டோவுக்கு பதில் சொல்ல முடியாமல், வெள்ளக் கட்டணம் 1,500-ஐ மட்டும் 'நல்லெண்ண அடிப்படையில்' திருப்பி அனுப்பினார்கள். பர்மிட்டுக்கு ஆதாரம் கேட்டதற்கு ரசீது வந்தது, அதில் இருந்தது வேறு ஏதோ வண்டியின் நம்பர். பில்லில் ஜிஎஸ்டி எண் கிடையாது, முகவரி என்று போட்டிருந்த இடத்தில் போய்ப் பார்த்தால் மொபைல் ரீசார்ஜ் கடை. மீதிப் பணம் வரவில்லை.

புயலுக்கு முன்னால் யாரும் நம்மை இப்படி மடக்குவதில்லை, கிளம்பாவிட்டால் சவாரி போச்சு என்ற பயம் அவர்களுக்கும் உண்டு. திரும்பும்போதுதான் வீட்டைப் பார்க்கும் அவசரம், டோக்கன் அவசரம், மொத்தக் குடும்பத்தின் பத்திரமும் ஒரே பையில். அந்தப் பை டிக்கிக்குப் போகவே கூடாது, மடியிலேயே இருக்கட்டும். வாடகையை 'டோல், பர்மிட், ஏரியா எல்லாம் உட்பட' என்ற வார்த்தைகளோடு ஒரே தொகையாக எழுதி வாங்குங்கள், அதை டிரைவரும் படித்துவிட்டு வண்டியை எடுக்கட்டும். பர்மிட் காசு கேட்டால் சீட்டில் வண்டி நம்பரையும் தேதியையும் பாருங்கள்.

இந்தத் தடவை அப்பா அம்மா ரயிலில்தான் திரும்பினார்கள். இருந்தாலும் அந்தப் புது விளம்பர நம்பருக்குச் சும்மா போன் போட்டுப் பார்த்தேன். இப்போது அட்வான்ஸ் 2,000. வெள்ளம் வந்த ஏரியாவுக்குத் தனியாக எதுவும் உண்டா என்று கேட்டதற்கு, "அதெல்லாம் அங்க போய் டிரைவர் பார்த்துச் சொல்வார் மேடம்" என்றார் அந்தப் பெண்.