வெள்ளவத்தையில் மாத வாடகைக்கு ஒரு கார் தரிப்பிடம்: எந்த மூலை நல்லது, எது வேண்டாம்

கொழும்பு வெள்ளவத்தையில் தொடர்மாடியில் இருப்பவர்களுக்கு இந்தக் கஷ்டம் தெரியும். வீட்டுக்கு ஒரு தரிப்பிடம்தான், அதில் ஏற்கெனவே அப்பாவின் காரோ தம்பியின் வானோ நிற்கும், இரண்டாவதாக வாகனம் வாங்கினவர் இரவு ஒன்பது மணிக்கு ஒழுங்கை ஒழுங்கையாகச் சுற்ற வேண்டியதுதான். அதனால்தான் காலி வீதிக்கும் கடலோர மெரின் டிரைவுக்கும் நடுவே மாத வாடகைக்குக் கார் விடுகிற ஒரு வளவில் இடம் எடுத்தேன். பழைய வீட்டை இடித்துவிட்டு, புதுத் தொடர்மாடி கட்டக் காசு சேரும்வரை சும்மா கிடக்கிற காணி. பெயர்ப் பலகை கிடையாது, கேற்றில் ஒரு தொலைபேசி இலக்கம் மட்டும் பெயின்டால் எழுதியிருக்கிறது. இப்படிப்பட்ட வளவுகள் இந்தப் பக்கத்தில் நிறைய இருப்பதால் இதைப் பற்றி எழுதினால் மற்றவற்றை எடுக்கிறவர்களுக்கும் உதவும்.

முதலில் பொதுவான அபிப்பிராயம்: காசுக்குப் பெறுமதியானது, ஆனால் எந்த இடம் தருகிறார்கள் என்பதைப் பொறுத்து. ஒரே வளவுக்குள் ஒரே வாடகைக்கு, ஒரு கார் வருடக்கணக்காக ஒரு கீறல் இல்லாமல் நிற்கிறது, நாலு இடம் தள்ளி நிற்கிற காருக்கு நாலு கதவிலும் தழும்பு. வாடகை மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு முழு டாங்க் பெற்றோலுக்கான காசு. பற்றுச்சீட்டின் பின்பக்கத்தில் வழக்கமான வசனம், வாகனத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. கொழும்பில் அநேகமாக எல்லாத் தரிப்பிடச் சீட்டிலும் இது இருக்கும், ஆகவே இதற்காக மட்டும் இவர்களைக் குறை சொல்ல முடியாது. பாதுகாப்பை நாங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு கவலை ஏன் என்று கேட்கிறவர்களுக்கு: 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்ப வழி விட்டார்கள். நடுவில் ஐந்து வருடம் பழைய அக்வாவும் விட்ஸும் காணி விலை போனது. இப்போது புதிதாக வருகிறவற்றுக்கு வரியைக் கேட்டாலே தலை சுற்றும். கார் விற்கப் போனால் வாங்குகிறவர் முதலில் கதவைத்தான் சாய்ந்து நின்று வெளிச்சத்தில் பார்க்கிறார், எஞ்சினை அப்புறம்தான் பார்க்கிறார். சின்னக் கீறலுக்கெல்லாம் காப்புறுதியில் கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ் போய்விடும் என்பதும் எல்லாருக்கும் தெரிந்ததே.

சரி, வளவுக்கு வருவோம். தெற்குப் பக்கம் உயர்ந்த மதில், வடக்கில் பக்கத்து வீட்டின் கம்பி வேலி, பின்னால் ஒரு பெரிய மாமரம், வாசல் பக்கம் மட்டும் சீமெந்துத் தரை, மிச்சம் கிறவல். இரண்டு வரிசையாக, மூக்கை உள்ளே விட்டு நிறுத்த வேண்டும். வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள், மழைக்குப் பிறகு பாதி அழிந்துவிடும், அப்போது ஆளாளுக்கு ஒரு அளவில் நிறுத்துவார்கள்.

அகலம்தான் முக்கியமான கணக்கு. ஒரு இடம் 2.4 மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது அக்வா, அகலம் 1.695 மீற்றர். பக்கத்தில் வேகன் ஆர் நின்றால் (ஜப்பானில் ‘கெய்’ என்கிற சின்னக் கார் வகையில் எதுவும் 1.48 மீற்றரைத் தாண்டக்கூடாது என்பது அங்குள்ள சட்டம்), இரண்டும் நடுவாக நின்றால் இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட 80 சென்ரிமீற்றர் வரும். ஒரு மனிதர் கதவைப் பாதி திறந்து மரியாதையாக இறங்கலாம். அதே இடத்தில் 1.885 மீற்றர் அகல பிராடோ நின்றால் 60 சென்ரிமீற்றர்தான். அதுவும் ஜீப்பின் கதவு உயரமானது, கனமானது, அதன் விளிம்பு வந்து படுவது என் கதவின் றப்பர் பட்டிக்கு மேலே, வெறும் தகரத்தில். ஆகவே பக்கத்து இடத்துக்காரர் என்ன வாகனம் வைத்திருக்கிறார் என்று கேட்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள். பின் கண்ணாடியில் பள்ளிக்கூட ஸ்டிக்கரும் உள்ளே குழந்தை இருக்கையும் இருந்தால் இன்னும் யோசியுங்கள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்ட சந்தோஷத்தில் கதவைத் திறக்கிறதைப் பார்த்திருப்பீர்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் எந்தப் பக்கத்தில் மதில் இருக்கிறது என்பது. எங்கள் ஊரில் எல்லாம் வலது பக்க ஸ்டியரிங். ஒரு காரில் எத்தனை பேர் வந்தாலும் வராவிட்டாலும் சாரதியின் கதவு கட்டாயம் திறக்கும். எல்லாரும் மூக்கை உள்ளே விட்டு நிறுத்துகிற வரிசையில், எனக்கு இடது பக்கம் நிற்கிறவரின் சாரதிக் கதவு என் காரைப் பார்த்துத்தான் இருக்கும். காலையும் மாலையும், மழையானாலும் அவசரமானாலும், அந்தக் கதவு என் இடது பக்கத்தை நோக்கித் திறக்கும். வலது பக்கம் நிற்கிறவரோ தன் இடது கதவை, அதாவது கூட வருகிறவர் இருந்தால் மட்டும் திறக்கிற கதவை என் பக்கம் வைத்திருக்கிறார். அவர் தனியாக வேலைக்குப் போகிறவர் என்றால் அந்தக் கதவு கிழமைக்கு ஒரு தரம் திறந்தால் பெரிது.

ஆகவே மதிலோ தூணோ இடது பக்கம் வருகிற இடம்தான் தங்கம். வலது பக்கம் மதில் என்றால் நாங்களே இறங்க முடியாமல் நெளிய வேண்டும், அல்லது மதிலிலிருந்து தள்ளி நிறுத்தி இடது பக்கத்துக்காரருக்கு இன்னும் கிட்டப் போக வேண்டும். இந்த வளவில் மேற்கு வரிசையில் ஒரு மூலை இடம் அப்படி இடதில் மதிலோடு இருக்கிறது, எனக்குக் கிடைத்தது அது. கிழக்கு வரிசை மூலையும் அதே வாடகைதான், மதிலும் அதே மதில்தான், ஆனால் வலது பக்கம். பின்பக்கமாக றிவர்ஸில் நிறுத்தினால் இந்தக் கணக்கு மாறலாம்: எல்லாரும் மூக்கை உள்ளே விட்டிருக்க நீங்கள் மட்டும் திருப்பி நிறுத்தினால், இடப்பக்கத்து வாகனத்தின் இடது கதவு உங்கள் இடது பக்கத்துக்கு எதிரே வரும், வலப்பக்கத்துக்காரரின் சாரதிக் கதவு உங்கள் வலது பக்கத்துக்கு எதிரே வரும். ஷொப்பிங் மோல்களில் நிலக்கீழ்த் தரிப்பிடத்திலும் இதைப் பார்த்து நிறுத்தலாம், லிஃப்டுக்குக் கிட்ட வேண்டும் என்று அடிபடுகிற நேரத்தில் தூணுக்கு வலது பக்கத்து இடத்தைத் தேடினால் போதும், நடக்கிறது அரை நிமிடம் கூட.

மாமரம். எல்லாரும் முதலில் அங்கேதான் ஓடுவார்கள், நிழல் என்று. பகலில் கார் குளிர்ச்சியாக இருக்கும், உண்மைதான். ஆனால் அந்த நிழலில் காகங்கள் குடியிருக்கின்றன. பறவை எச்சத்தில் யூரிக் அமிலம் இருக்கிறது, வெயிலில் பெயின்டின் மேலுள்ள கிளியர் கோட் இளகி விரிந்து, பின்னேரம் குளிர்ந்து சுருங்கும்போது எச்சத்தின் அடையாளம் அப்படியே பதிந்துவிடும், பிறகு எத்தனை ஷாம்பு போட்டுக் கழுவினாலும் சரிந்து பார்த்தால் தெரியும். மரத்தில் பூச்சி பிடித்தால் பிசுபிசுப்பாக ஒரு திரவம் சொட்டும், அதன்மேல் கறுப்புப் பூசணம் வளரும். சீசனில் மாங்காய் வேறு. விகாரமகாதேவி பூங்கா ஓரத்தில் நிறுத்துகிறவர்களுக்கு இதெல்லாம் புதிதல்ல, அங்கே பழந்தின்னி வௌவால்கள் பகல் முழுவதும் தொங்குகின்றன. மரம் விழுகிறது என்பதைப் பயமுறுத்தலாக எடுக்காதீர்கள், 2023 ஒக்டோபரில் கொள்ளுப்பிட்டி டூப்ளிகேஷன் வீதியில் போய்க்கொண்டிருந்த பஸ்ஸின்மேல் மரம் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். காற்றும் மழையுமான நாளில் பெரிய மரத்தின் கீழ் நானானால் ஐந்து நிமிடமும் நிறுத்த மாட்டேன்.

கம்பி வேலிப் பக்கம் இப்போது வேறு பிரச்சினை. பக்கத்துக் காணியில் கட்டடம் எழும்புகிறது. காலையில் வேலையாட்கள் கம்பி வெட்டக் கிரைண்டர் போட்டார்கள் என்றால் அந்த இரும்புப் பொறி காற்றில் வந்து பெயின்டிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொள்ளும். அன்று ஒன்றும் தெரியாது. இரண்டு மழைக்குப் பிறகு வெள்ளைக் காரில் செம்மஞ்சள் புள்ளி புள்ளியாகக் கிளம்பும், கையால் தடவினால் சொரசொரக்கும். களிமண் கட்டி போல ஒரு சாமான் விற்கிறார்கள், அதை ஈரமாகத் தேய்த்து எடுக்கலாம், அப்படியும் போகாவிட்டால் கட் அன்ட் பொலிஷ்தான். இதைப் பற்றி முதலில் எச்சரித்தது பகல் காவலுக்கு இருக்கிற ஐயா. ஹட்டன் பக்கத்து ஆள், நல்ல கண். “தம்பி, அந்த வேலிப் பக்கம் விடாதீங்க, இன்னைக்குக் கம்பி வெட்டுறாங்க” என்று கேற்றிலேயே சொல்லிவிடுவார். இந்த வளவுக்கு நான் கொடுக்கிற புள்ளியில் பாதி அவருக்கு.

இரவுக் காவலாளி அப்படி இல்லை. “எண்ட, எண்ட, ஹரி” (சிங்களத்தில் வாங்க, வாங்க, சரி) என்று கையை ஆட்டிக்கொண்டே இருப்பார், அவர் ஹரி சொல்கிற இடத்துக்கும் பின்னால் நிற்கிற காருக்கும் நடுவே ஒரு தீப்பெட்டி வைக்கலாம். அவரை நம்பாமல் சைட் கண்ணாடியையும் றிவர்ஸ் கமெராவையும் பாருங்கள். இன்னொன்று, இரவில் இடம் போதாதபோது வழியிலும் காரை விட வைக்கிறார்கள். உள்ளே இருக்கிறவர் வெளியே வர, சாவியைக் காவலாளியிடம் கொடு, அல்லது நியூட்ரலில் ஹான்ட் பிறேக் போடாமல் விடு என்பார்கள். இரண்டும் எனக்குச் சரிவரவில்லை. சாவி கொடுத்தால் யார் ஓட்டினார் என்று தெரியாது (ஒரு கல்யாண மண்டபத்தில் சாவி வாங்கிக் கார் நிறுத்துகிற வலே ஆள் கொண்டுவந்து தந்த காரின் பின் பம்பரைப் பார்த்த பிறகு யாருக்கும் சாவி கொடுப்பதில்லை). நியூட்ரலில் விட்டால் புழுதி படிந்த பொனட்டில் ஆளாளுக்குக் கை வைத்துத் தள்ளுவார்கள், புழுதியோடு தேய்ந்த பெயின்ட் மங்கிவிடும். நிலையான இடம் உள்ள மாத வாடகைக்காரர் மறுத்தால் அவர்கள் வற்புறுத்துவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

“ஏன் காசு கொடுக்கிறாய், மெரின் டிரைவில் சும்மா விடலாமே” என்று மச்சான் கேட்கிறார். விடலாம். ஆனால் மே முதல் செப்டெம்பர்வரை தென்மேல் பருவக்காற்று உப்பை நேரே கொண்டுவந்து காரில் பூசும். காலையில் கண்ணாடியில் விரல் வைத்தால் ஒட்டும், நாக்கில் வைத்தால் கரிக்கும். மேலே கழுவிவிடலாம், அடியில் சில்லு வளைவுக்குள்ளும் போல்ட் ஆணிகளிலும் போய் இருக்கிறதை யார் கழுவுவது? பக்கத்திலேயே ரயில் பாதை வேறு, ரயில் பிறேக்கிலிருந்து பறக்கிற இரும்புத் தூசும் அந்தக் கிரைண்டர் பொறியின் வேலையையே செய்யும். வளவு கடலிலிருந்து சில வீடு தள்ளி, மதிலுக்குள் இருக்கிறது. உப்பு முற்றாக இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் வித்தியாசம் தெரிகிறது. காலி வீதி ஓரத்தில் நிறுத்தினால் பஸ்ஸும் ஓட்டோவும் சைட் கண்ணாடியை எடுத்துப் போய்விடும். புறக்கோட்டைக்குக் கார் கொண்டு போகிறவர்களைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, மூட்டை சுமக்கிற நாட்டாமிமாரின் வண்டிக்குக் கார் விலகுமே தவிர வண்டி விலகாது.

கூரையுள்ள நிலக்கீழ்த் தரிப்பிடம்தான் எல்லாவற்றிலும் நல்லது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. வெயிலுக்கும் காகத்துக்கும் நல்லதுதான். நிறுத்துமுன் ஒருதரம் மேலே பாருங்கள். கொங்கிறீட் தட்டு ஒழுகுகிற இடத்தில் சுண்ணாம்பு கரைந்த தண்ணீர் சொட்டும், காய்ந்தால் வெள்ளைத் தடம், கிளியர் கோட்டை அரிக்கும். பெயர் சொல்ல விரும்பாத ஒரு கட்டடத்தில் என் பொனட்டுக்கு இந்தப் பரிசு கிடைத்தது. அன்றைக்கே தண்ணீர் கலந்த வினாகிரியால் துடைத்ததால் போனது, கிழமைக்கணக்கில் விட்டால் போகாது. தரையில் வெள்ளைத் திட்டு இருந்தால் அது மேலே ஒழுகுகிறது என்று அர்த்தம், அடுத்த இடத்துக்குப் போங்கள். பெருமழை நாளில் நிலக்கீழ்த் தளத்தின் அடித்தட்டே வேண்டாம், அதுவும் அக்வா வைத்திருப்பவர்களுக்கு: அதன் ஹைபிரிட் பற்றரி பின் இருக்கையின் கீழே இருக்கிறது. இந்த வளவில் தண்ணீர் நிற்பது கேற்றுக்குக் கிட்ட மட்டும், கணுக்கால்கூட வராது.

உறை போடலாமா என்று சிலர் கேட்டார்கள். தூசு படிந்த காரில் கடற்காற்றில் உறை போட்டால் அது இரவு முழுக்க மணல்தாள் வேலை பார்க்கும். கழுவித் துடைத்து, இறுக்கிக் கட்ட முடிந்தால் போடுங்கள். கதவு விளிம்புக்கு ஒட்டுகிற றப்பர் பட்டி வாங்கலாம், மலிவு, ஆனால் அது உங்கள் கதவிலிருந்து மற்றவர் காரைத்தான் காக்கும்.

குறைகள் இன்னும் இரண்டு. ஒழுங்கை முனையில் வாசல் ஒடுக்கம், பெரிய ஜீப் ஒரே வெட்டில் திரும்பாது, வலது பக்கத் தூணில் பல நிறத்தில் பெயின்ட் ஒட்டியிருப்பதைப் பார்த்தாலே விளங்கும். சீமெந்துத் தரை முடிந்து கிறவல் தொடங்குகிற இடத்தில் ஒரு படி இருக்கிறது, பதிந்த காரின் முன் பம்பர் உரசும், சரிவாக ஏற்றினால் தப்பலாம். கமெரா ஒன்று இருக்கிறது, வாசலை மட்டும் பார்க்கிறது.

அக்வா, விட்ஸ், வேகன் ஆர் அளவுக் கார் வைத்திருக்கிறவர்களுக்கு, மேற்கு வரிசையில் இடம் கிடைத்தால், தாராளமாக எடுக்கலாம். முற்பணம் கொடுக்குமுன் இட இலக்கத்தைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள், “எங்கேயும் விடலாம் தம்பி” என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். போன கிழமை கேட்டபோது இரண்டு இடம் காலி என்றார்கள், இரண்டும் மாமரத்துக்குக் கீழே.