மலைக்குளிரில் கறுக்க மறுத்த புட்டி

குடிநீரில் சாக்கடை கலந்திருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்ள உதவும் ஹைட்ரஜன் சல்பைடு சோதனைப் புட்டிகள், பத்து அடங்கிய ஒரு பெட்டியை வாங்கிக் கடந்த டிசம்பரில் கொடைக்கானலில் பயன்படுத்தினேன். 1982-ல் இந்திய ஆய்வாளர்கள் வகுத்த எளிய முறை இது. மலக்கழிவோடு வரும் சில பாக்டீரியாக்கள் வெளியிடும் வாயு, புட்டிக்குள் இருக்கும் இரும்பு உப்போடு சேர்ந்து நீரைக் கறுப்பாக்கும். குறியிட்ட அளவுவரை நீரை நிரப்பி, மூடி, ஒரு நாளோ இரண்டு நாளோ வைத்திருந்தால் போதும்.

ஏரியிலிருந்து வழிந்தோடும் நீர், வீட்டுக்குழாய் நீர், வீட்டுக்குக் கீழே சரிவில் உள்ள ஊற்றுநீர், ஒப்பிடுவதற்காகக் கொதித்து ஆறிய நீர் என நான்கை நிரப்பிச் சமையலறை அலமாரியில் வைத்தேன். 1863-ல் மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்ச் உருவாக்கிய அந்த ஏரியின் உபரிநீர்தான் மலைப்பாதையில் 180 அடி உயரத்திலிருந்து வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. வண்டியை நிறுத்திவிட்டு அதில் முகம் கழுவுபவர்களை அன்றாடம் பார்க்கலாம். மறுநாள் நான்கு புட்டிகளிலும் நிறம் மாறவில்லை. ஏரிநீரின் வாடையை அறிந்த எனக்கு அந்த முடிவில் நம்பிக்கை வரவில்லை.

பிழை நீரில் இல்லை, குளிரில் இருந்தது. இரவில் 10 டிகிரிக்குக் கீழே இறங்கும் வீட்டில் உறை ஊற்றிய பால் காலையில் பாலாகவே இருக்கும்போது, புட்டிக்குள் பாக்டீரியா மட்டும் எப்படிப் பெருகும்? குறிப்புத்தாளோ 'அறை வெப்பநிலை' என்று சொல்லி நிறுத்திக்கொள்கிறது. அதை எழுதியவரின் அறை சமவெளியில் இருந்திருக்க வேண்டும். இந்த ஒரு குறைக்காகவே இந்தப் பெட்டிக்கு நான் தரும் மதிப்பெண்ணைக் கணிசமாகக் குறைக்கிறேன், ஏனெனில் அசுத்த நீரைச் சுத்தமானது என்று நம்பவைப்பது சோதனையே செய்யாமல் இருப்பதைவிட ஆபத்தானது.

தயிருக்குச் செய்வதுபோல ஹாட்பாக்ஸில் வெந்நீர்ப் பாட்டிலோடு புதிய நான்கு புட்டிகளை வைத்து, வெந்நீரை அவ்வப்போது மாற்றிவந்தேன். மறுநாள் காலையில் ஏரிநீர் மையாகக் கறுத்திருந்தது. ஊற்றுநீர் இரண்டாம் நாள் மாலையில் கறுத்தது. மற்ற இரண்டும் தெளிவாகவே இருந்தன. ஊற்றுக்கு மேலே ஒரு விடுதியின் கழிவுநீர்த் தொட்டி இருக்கிறது. மண் மெலிந்து அடியில் பாறை கிடக்கும் சரிவில் உறிஞ்சுகுழி வடிகட்டும் என்று எதிர்பார்ப்பது வீண்; நீர் பாறைமேல் வழுக்கிக் கீழே எங்காவது வெளிவரும்.

ஆனால் புட்டி 'உண்டு, இல்லை' என்பதற்கு மேல் பேசாது. 100 மில்லி குடிநீரில் மலக்கழிவின் அடையாளமான ஈ.கோலை பாக்டீரியா அறவே இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். அதை உறுதிசெய்ய ஆய்வகம்தான் வேண்டும். மஞ்சள்காமாலை வைரஸையோ சலவைத்தூளையோ இது காட்டாது. கந்தகம் கலந்த நிலத்தடி நீரில் சாக்கடை இல்லாமலும் கறுக்கலாம். கறுத்த புட்டியில் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றிவைத்த பிறகே அப்புறப்படுத்த வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கலாம்.

ஊற்றுநீரை இப்போது கொதிக்க வைக்கிறோம். ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் நீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுவதால், தளதளவென்று வந்தபின் மூன்று நிமிடம் விட்டு இறக்குகிறோம். மீந்த இரண்டு புட்டிகளை அடுத்த மழைக்காலத்து ஊற்றுநீருக்கென எடுத்து வைத்திருக்கிறேன்.