கருப்பட்டி பீர்ப் பெட்டி: வாங்கினவர்களும் வாங்கப்போகிறவர்களும் படிக்க

சிங்கப்பூரில் வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கென்று இணையத்தில் ஒரு பெட்டி விற்கிறார்கள். 20 லிட்டர் அடர்நிற பெல்ஜிய வகை பீருக்கு 1 கிலோ ‘அசல் உடன்குடி கருப்பட்டி’, 250 கிராம் பனங்கற்கண்டு, மல்லி, பட்டை, அன்னாசிப்பூ, கூடவே ஒரு செய்முறைத் தாள். தேக்கா (லிட்டில் இந்தியா) கடைகளில் தனித்தனியாக வாங்கினால் ஆகும் செலவைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் விலை. கருப்பட்டி என்று வந்தது பெரும்பாலும் சீனி. தாளில் உள்ள ஓர் அளவோ பாட்டிலை வெடிக்க வைக்கும். கலப்படத்தில் போவது காசு, இதில் கண்ணே போகலாம் என்பதால் முதலில் தாள்.

“பாட்டிலில் அடைக்கும்போது கற்கண்டு முழுவதையும் சேர்க்கவும்” என்று போட்டிருக்கிறது. பாட்டிலுக்குள் நொதித்து, நுரைக்கான வாயுவை உண்டாக்கத்தான் இந்தச் சர்க்கரை. 20 லிட்டருக்கு 250 கிராம் என்றால் லிட்டருக்கு 12.5 கிராம். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை நொதித்தால், பீரின் கொள்ளளவுக்குச் சமமான கரியமில வாயு உண்டாகும். 12.5 கிராமுக்கு அது மூன்று மடங்கைத் தாண்டும். நொதித்து முடிந்த பீரில் ஏற்கெனவே கரைந்திருக்கும் முக்கால் மடங்கு வாயுவையும் கூட்டினால் நான்கு மடங்கை ஒட்டி வருகிறது. சாதாரண பீர் பாட்டிலை மூன்று மடங்குக்கு மேல் நம்ப முடியாது. போட வேண்டியது 120 கிராம்தான். அதை 300 மில்லி தண்ணீரில் 10 நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் அடைக்கும் வாளியின் அடியில் ஊற்றி, அதன்மேல் பீரைக் குழாய் வழியாக இறக்குங்கள். கற்கண்டைப் பொடித்து நேராகப் பாட்டிலில் போட்டால் நுரை பொங்கும், பாட்டிலுக்குப் பாட்டில் அழுத்தமும் மாறும்.

தாளை நம்பி ஏற்கெனவே அடைத்துவிட்டவர்கள் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கைக்குக் கெட்டி உறை போட்டுக்கொண்டு, பாட்டில்களைத் தடித்த துணியில் சுற்றிக் குளிர்பெட்டியில் வையுங்கள். ஒரு நாள் முழுக்கக் குளிர்ந்த பிறகு மூடியை லேசாக நெம்பி வாயுவை வெளியேற்றி, புது மூடி போடலாம்.

இனி கருப்பட்டி. பதநீர் புளிக்காமலிருக்கக் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள். அதில் கொஞ்சம் கட்டியிலும் தங்கும். அசலில் இனிப்போடு மெல்லிய உப்புக்கரிப்பும், விறகடுப்பின் புகைவாசமும் இருக்கும். பீருக்குக் கருப்பட்டி தேடுவதே அதற்காகத்தான். சீனி எதையும் மிச்சம் வைக்காமல் ஆல்கஹாலாகிவிடும், பீர் மெலிந்து தண்ணீராக நிற்கும்.

கலப்படத்தைக் கண்டுபிடிக்க, திரவத்தின் அடர்த்தியைத் தண்ணீரோடு ஒப்பிட்டுக் காட்டும் ஹைட்ரோமீட்டர் என்ற மிதவைக் கருவி மட்டும் போதாது. அதில் தண்ணீர் 1.000, ஒவ்வொரு 0.001-உம் ஒரு புள்ளி. 100 கிராம் சீனியைக் கரைத்து 1 லிட்டராக்கினால் 1.038 காட்டும். அசல் கருப்பட்டியில் ஈரமும் கரையாத கசடும் இருப்பதால் இரண்டு மூன்று புள்ளி குறையும், அவ்வளவுதான் வித்தியாசம். 20 டிகிரிக்கு அளவிடப்பட்ட கருவியை 29 டிகிரித் தண்ணீரில் மிதக்கவிட்டாலே இரண்டு புள்ளி குறைத்துத்தான் காட்டும்! கலப்படம் அந்த இடைவெளியில் சுகமாக ஒளிந்துகொள்ளும்.

நொதிக்க வைத்துப் பாருங்கள். அதே அளவில் 100 கிராம் கருப்பட்டியை 1 லிட்டராகக் கரைத்து, கொதிக்கவைத்து ஆற்றி, 2 கிராம் உலர் ஈஸ்ட் போடுங்கள். வெறும் சர்க்கரைத் தண்ணீரில் ஈஸ்ட்டுக்குத் தீனி இருக்காது. கொதிக்கும்போதே ஒரு சிட்டிகை ரொட்டி ஈஸ்ட்டைச் சேர்த்துவிட்டால் அது செத்துத் தீனியாகும். பக்கத்திலேயே சீனிக் கரைசல் ஒன்றையும் இதே மாதிரி வையுங்கள். பத்து நாளில் சீனி 0.993 பக்கம் இறங்கிவிடும். உப்புகளும் நொதிக்காத பொருளும் உள்ள அசல், சில புள்ளிகள் மேலேயே நிற்கும், குடித்தால் புகையும் கரிப்பும் நாக்கில் தெரியும். பெட்டியில் வந்த கட்டி 0.994. வெளிறிய நிறம், வாசம் இல்லை, அடியில் ஈஸ்ட்டைத் தவிர வேறு கசடும் இல்லை. அந்தக் கட்டியை உடைத்த இடத்தில் சீனிப் பரல்கள் மினுங்கியதையும் பார்க்க முடிந்தது.

மசாலாவில் ‘இலங்கைப் பட்டை’ என்ற சீட்டுக்குள் இருந்தது ஒற்றைச் சுருளாகத் தடித்த சீனப் பட்டை. இலங்கைப் பட்டை தாள்போல் மெல்லிய பல அடுக்காக இருக்கும், விரலால் நொறுக்கலாம். மல்லி பழைய சரக்கு. தேய்த்தால் எலுமிச்சை வாசம் வரவில்லை என்றால் பீருக்கு ஆகாது. அன்னாசிப்பூ உடைந்த துண்டுகளாக, எந்த நாட்டுச் சரக்கு என்ற குறிப்பே இல்லாமல் வந்தது. அதைக் குப்பையில் போடுங்கள். ஜப்பானிய அன்னாசிப்பூ விஷமுள்ளது, கண்ணால் பார்த்துப் பிரித்தறிய முடியாது.

புகாருக்கு வந்த பதில்: “கட்டியை உடைத்துவிட்டீர்கள், திரும்ப எடுக்க மாட்டோம்.” உடைக்காமல் எப்படிப் பார்ப்பதாம்? தமிழ்நாட்டுக்கும் அனுப்புகிறோம் என்று வேறு விளம்பரம். சிங்கப்பூரில் 18 வயதானவர்கள் சொந்த உபயோகத்துக்கு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை காய்ச்சலாம், விற்கக் கூடாது. தமிழ்நாட்டில் உரிமமில்லாமல் வீட்டில் மது காய்ச்சுவது மதுவிலக்குச் சட்டப்படி குற்றம். பெட்டியில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

பெட்டி ஏற்கெனவே கையில் இருந்தால் அந்தக் கட்டியைச் சீனிக் கணக்கில் வையுங்கள்: 20 லிட்டரில் 1 கிலோ சுமார் 19 புள்ளி ஏற்றும். பீருக்கான மால்ட் சாறு கொதித்து முடிய 10 நிமிடம் இருக்கையில் அடுப்பை அணைத்துவிட்டுக் கரையுங்கள், இல்லாவிட்டால் அடிபிடிக்கும். கரைந்ததும் மீண்டும் அடுப்பை மூட்டிக் கொதியை முடியுங்கள்.