68,500 ரூபாய் கொடுத்து வீட்டுச் சுவருக்குத் தண்ணீர் பாய்ச்சினேன் – வடிகால் போடப்போகிறவர்கள் ஒரு நிமிடம் படியுங்கள்

நேற்று மதியம்தான் தோண்டிப் பார்த்தோம். ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போன பணம் 68,500 ரூபாய். பாதி என் போனஸ், மீதி அம்மா மாசாமாசம் கட்டிய சீட்டுப் பணம். மனைகளில் மழைநீர் வடிகால் போடுவது பற்றி இந்த ஒரு வாரத்தில் நிறையத் தெரிந்துகொண்டேன், கடைசியில் விவரமாகச் சொல்கிறேன். முதலில் நடந்தது.

வீடு ஊத்தங்கரையில். அப்பா கட்டியது. நான் ஓசூரில் ஷிப்ட் வேலை, அம்மா மட்டும் அங்கே. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற நிலம் எங்கள் மனையை விட மேடு. சாதாரண மழைக்கே தண்ணீர் பின்பக்கம் இறங்கி வந்து நிற்கும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் வந்ததே, அப்போது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. பஸ் ஸ்டாண்டு பக்கம் நிறுத்தியிருந்த வண்டிகள் அடித்துக்கொண்டு போன வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அன்று ராத்திரி அம்மா கட்டில் மேல் உட்கார்ந்தபடி போனில் பேசியது இன்னும் காதில் இருக்கிறது. அதிலிருந்து பின்பக்கச் சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம். பெயிண்ட் அடித்தால் மூன்று மாதத்தில் பொரிந்து உதிரும்.

எங்கள் தெருவிலேயே ஒரு மேஸ்திரி இருக்கிறார். கேட்டதற்கு, கையில் இருக்கிற வேலை முடிய பத்து நாள் ஆகும் என்றார். எனக்குப் பொறுமை இல்லை. வீட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஆப் ஒன்றில் 199 ரூபாய் கட்டிப் பதிவு செய்தேன். எந்த ஆப் என்று கேட்காதீர்கள், இப்போது அந்த மாதிரி பத்து இருக்கிறது.

ஆப் அனுப்பிய ஆள் ஞாயிற்றுக்கிழமை வந்தார். நானும் ஊரில் இருந்தேன். செருப்பை வாசலிலேயே கழற்றினார். காபி வேண்டாம், ஒரு சொம்பு தண்ணீர் மட்டும் போதும் என்றார். குடிக்கத்தான் கேட்கிறார் என்று அம்மா கொண்டுவந்து நீட்டினார். அவர் அதை வாங்கி, பின்பக்கம் சுவரிலிருந்து மூன்று அடி தள்ளி, மெதுவாகத் தரையில் ஊற்றினார். மூன்று பேரும் குனிந்து பார்த்தோம். தண்ணீர் நெளிந்து நெளிந்து சுவரைப் பார்த்தே போனது. சுவரோரம் போய்த் தேங்கி நின்றது.

"பாருங்கம்மா, உங்க வீடே தண்ணியைக் கூப்பிடுது" என்றார்.

அந்த ஒரு சொம்பில் நாங்கள் விழுந்தோம். அப்புறம் நகத்தால் சுவரைச் சுரண்டி உப்பைக் காட்டினார். மண்ணைச் சரித்து விடணும், சுவரோரம் வாய்க்கால் எடுத்து ஓட்டை போட்ட பைப் புதைக்கணும், சுற்றிலும் ஜல்லி, அதைச் சுற்றி வடிகட்டித் துணி, பைப்பின் மறுமுனை தெருச் சாக்கடையில் விழணும் என்றெல்லாம் அட்டையில் படம் போட்டு விளக்கினார். இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, எரிச்சலே அதுதான். வேலை தெரிந்த ஆள். தெரிந்தேதான் இதைச் செய்திருக்கிறான். (இவ்வளவு நேரம் 'ர்' போட்டு எழுதிவிட்டேன், வளர்ப்பு அப்படி.)

ஆப்பில் 78,000 ரூபாய் காட்டியது. "அண்ணா, அதுல அவங்க கமிஷன் இருக்கு. கேன்சல் பண்ணிடுங்க, நேரா 68,500க்கு முடிச்சித் தர்றேன்." நான் கேன்சல் செய்தேன். காரணம் கேட்டது, 'எனக்கு இப்போது தேவையில்லை' என்பதை அழுத்தினேன். 9,500 மிச்சம் என்று சந்தோஷம் வேறு. அன்றைக்கே 30,000 அனுப்பினேன். பொருள் இறங்கியதும் 25,000. மூன்றாம் நாள் வேலை முடிந்தது என்று போட்டோ வந்ததும் 13,500. எல்லாம் யூபிஐ. போட்டோவில் ஜல்லி அழகாகப் பரப்பியிருந்தது. கீழே என்ன இருக்கிறது என்று போட்டோவில் தெரியுமா?

போன புதன்கிழமை சாயங்காலம் இரண்டு மணி நேர மழை. புயல் எல்லாம் இல்லை. பின்னறையில் தரையும் சுவரும் சேரும் இடத்தில் தண்ணீர் கசிந்து ஊறி ஏறியிருக்கிறது. முன்பெல்லாம் வாசல்படி தாண்டித்தான் வரும், இப்படித் தரைக்குள்ளிருந்து வந்ததே இல்லை. அம்மா தட்டுத்தடுமாறி எழுந்து பார்ப்பதற்குள் கேவுரு (கேழ்வரகு) மூட்டை இரண்டும் அடி நனைந்துவிட்டன. வெள்ளிக்கிழமை நான் போனபோது சாக்கைப் பிரித்தேன். உள்ளே கை விட்டால் கதகதவென்று சூடு, விரலோடு வெள்ளை முளை ஒட்டிக்கொண்டு வந்தது.

போன் போட்டேன். முதல் நாள்: "மழைக்குக் கொஞ்சம் செட் ஆகணும் அண்ணா, ரெண்டு மழை போகட்டும்." மறுநாள் அவர் மனைவி எடுத்து, குளிக்கிறார் என்றார். ஒரு மணி நேரம் கழித்தும் குளித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் தர்மபுரி சைட்டில் இருப்பதாக மெசேஜ். அப்புறம் ரிங் போகும், எடுக்க மாட்டான்.

ஆப்பின் சாட்டில் எழுதினேன். "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம், 48 மணி நேரத்தில் தீர்வு" என்று வந்தது. நாற்பத்தெட்டாவது மணி நேரத்தில் "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது, எங்கள் சேவைக்கு மதிப்பெண் தாருங்கள்" என்று வந்தது. சண்டை போட்டு ஒரு பெண்ணிடம் பேச முடிந்தது. "சார், நீங்களே தேவையில்லைன்னு கேன்சல் பண்ணியிருக்கீங்களே. எங்க சிஸ்டத்துல அங்க வேலையே நடக்கலை." 68,500 ரூபாய் வேலை நடக்கவே இல்லையாம். அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்ல முடியாது, நான் அழுத்திய பட்டன்தான்.

நேற்று தெரு மேஸ்திரியையே கூப்பிட்டேன். ஒன்றும் குத்திக்காட்டவில்லை, கடப்பாரையோடு வந்தார். மேலே நான்கு விரல்கடை ஜல்லி, அதற்குக் கீழே எல்லாம் ஜல்லிப் பொடியும் தோண்டிய மண்ணும். துணி இரண்டு ஓரத்தில் மட்டும் தலைகாட்டியது, நடுவில் இல்லவே இல்லை. பிறகு மட்டம் பார்க்கிற லெவல் டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையை அவர் பிடித்துப் பார்த்தார். 40 அடி நீளத்துக்குத் தெருப் பக்கம் 5 அங்குலமாவது இறங்க வேண்டிய பைப், வீட்டுப் பக்கம் 2 அங்குலம் இறங்கி இருந்தது. தெரு முனையைச் சாக்கடைக்குக் கொண்டுபோகவே இல்லை, மூடி போட்டு மண்ணில் புதைத்திருக்கிறான்.

இதற்கு மேல் ஒன்று. மாடித் தண்ணீர் இறங்கும் பைப்பையும் அதே ஓட்டைப் பைப்பில் சொருகியிருக்கிறான். பின்பக்க மாடி 600 சதுர அடி. ஓர் அங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 1,400 லிட்டர். முன்பு வாசலில் விழுந்து ஓடிய அந்தத் தண்ணீர் முழுக்க இப்போது நேராகக் கடைக்காலுக்குப் போகிறது. மேஸ்திரி பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, "தென்னைக்குப் போட்டிருந்தா நல்லாக் காய்ச்சிருக்கும்" என்றார். அம்மா மட்டும் சிரித்தார்.

சரி, விவரமாகச் சொல்கிறேன் என்றேன், எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். குழியை மூடும் முன் நேரில் பார்க்காமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். மூடுவதற்கு முன்னால் மேல் முனையில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றி, கீழ் முனையில் வருகிறதா என்று நின்று பாருங்கள். மாடித் தண்ணீருக்கு ஓட்டை இல்லாத தனிப் பைப். பைப் இல்லாமலேயே, சுவரிலிருந்து பத்து அடிக்கு ஆறு அங்குலம் இறங்குகிற மாதிரி மண்ணைச் சரித்தாலே பாதி வேலை முடிந்தது, அதற்கு 68,500 ஆகாது. ஆப்பில் பிடித்த ஆளை ஆப்புக்கு வெளியே பணம் கொடுத்து வேலை வாங்காதீர்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, நான் புகார் பதிந்துவிட்டேன். ஆப் கைவிரித்தாலும் அந்த ஆள் மேலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும் என்று வக்கீல் நண்பர் சொன்னார். ரசீது இருக்கிறதா என்றார். படம் போட்ட அந்த அட்டைதான் இருக்கிறது. யூபிஐ பதிவு மூன்றையும் அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

இன்று காலை கேன்டீனில் நண்பன் போனிலிருந்து அந்த ஆளுக்கு அடித்தேன். ஒரே ரிங்.

"சொல்லுங்க சார், வடிகால் வேலையா? எந்த ஏரியா?"

என் குரல் கேட்டதும் கட்டாகிவிட்டது. அம்மா இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார், மேகம் கட்டியிருக்கிறதாம். ராத்திரிக்குள் போய் மாடிப் பைப்பையாவது அறுத்துத் தெருப் பக்கம் திருப்ப வேண்டும்.