‘ஐ.சி. போய்விட்டது’ என்று சொன்னால் முதலில் வாரன்டி சீலைப் பாருங்கள்

காரில் புதிதாக ஸ்டீரியோ பொருத்தியவர்களும் பொருத்தப் போகிறவர்களும் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது 3,500 ரூபாய். இன்னும் 6,000 போகவிருந்தது.

சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலைப் பக்கம் ஒரு கடையில் என் பழைய காருக்கு ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ போட்டேன். வேலை பார்த்த பையன் காரோடு வந்த கப்ளரை, அதாவது வயர்களை இணைக்கும் செருகியை, வெட்டி எறிந்துவிட்டு, வயர்களை முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றினான். பொருத்தமான கப்ளர் ஒன்றை வாங்கிச் செருகியிருந்தால் வெட்டவே வேண்டியதில்லை. அப்போதே வாயைத் திறந்திருக்க வேண்டும். அவர்கள் கொடுத்த தேநீரைக் குடித்துக்கொண்டிருந்தேன்.

பத்தாம் நாள் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் நான்கு ஸ்பீக்கர்களும் ஒன்றாக ஊமையாகிவிட்டன. திரை எரிகிறது, பாட்டு ஓடுகிறது, சத்தம் மட்டும் இல்லை. கடைக்காரர் செட்டைக் கழற்றி உள்ளே எடுத்துப் போனார். ஒரு மணி நேரம் கழித்து வந்து, “ஆம்ப்ளிஃபையர் ஐ.சி. போய்விட்டது சார், மாற்றிவிட்டேன். இதற்கு வாரன்டி கிடையாது” என்று கருகிய ஐ.சி. ஒன்றை என் கையில் வைத்தார். ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பெருக்கி அனுப்பும் சில்லுதான் அது. பாட்டும் கேட்டது. பணத்தைக் கொடுத்தேன். பில் கேட்டதற்குத் துண்டுச்சீட்டு வந்தது.

நான்காம் நாள் மறுபடியும் ஊமை. இந்த முறை நான்கு ஸ்பீக்கர்களும் போய்விட்டதாம், 6,000 ஆகுமாம். நான்கும் ஒரே நொடியிலா சாகும்?

எங்கள் தெரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் போனேன். ஸ்பீக்கர் வயர்களைச் செட்டிலிருந்து பிரித்து மல்டிமீட்டர் வைத்தார். ஒவ்வொன்றும் 4 ஓமுக்குச் சற்றுக் கீழே. ஸ்பீக்கர்கள் நன்றாகவே இருந்தன. பிறகு ஒவ்வொரு வயருக்கும் கார் பாடிக்கும் இடையே வைத்துப் பார்த்தார். அங்கே தொடர்பே இருக்கக் கூடாது. பின்பக்க இடது ஸ்பீக்கரின் பச்சை வயரில் மீட்டர் கத்தியது. செட்டைத் தாங்கும் இரும்புப் பட்டைக்கும் திருகுக்கும் நடுவே வயர் நசுங்கி, உள்ளிருந்த செம்பு பளபளத்தது. இவ்வகைச் செட்டுகளில் ஸ்பீக்கரின் மைனஸ் வயர்கூட எர்த் கிடையாது. எந்த வயர் பாடியைத் தொட்டாலும் ஐ.சி. தன்னைக் காத்துக்கொள்ள மொத்தத்தையும் அடக்கிவிடும். கடையில் கழற்றி மாட்டியபோது வயர் நகர்ந்து சத்தம் வந்திருக்கிறது. வண்டி குலுங்கியதும் மீண்டும் தொட்டிருக்கிறது.

அப்படியானால் அந்தக் கருகிய ஐ.சி.? செட்டின் மூடித் திருகின் மேல் ஒட்டிய வாரன்டி சீல் கிழியாமல் இருந்தது. படம் எடுத்துப் போய்க் கடைக்காரரிடம் காட்டினேன். “புது சீல் ஒட்டினோம் சார்” என்றார். வாங்கிய அன்று அவர் கடைப் பையனே பேனாவால் எழுதிய தேதி அதில் அப்படியே இருக்கிறது.

எலக்ட்ரீஷியன் வயருக்கு உறை மாட்டிப் பட்டையிலிருந்து தள்ளிக் கட்டினார். கூலி 250.

செட்டை உள்ளே எடுத்துப் போக விடாதீர்கள். கழற்றும் முன் சீலைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் போய்விட்டது என்றால், பிரித்த ஸ்பீக்கர் வயர் இரண்டிலும் சுவர்க் கடிகாரத்து 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு கணம் தொடச் சொல்லுங்கள். உயிருள்ள ஸ்பீக்கர் ‘கரக்’ என்னும்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் சொல்லலாம் என்று துண்டுச்சீட்டைத் தேடி எடுத்தேன். அதில் கடையின் பெயர்கூட இல்லை.