செந்தண்டு டாக்வுட்: செரீசியாவா, ஆல்பாவா, சாங்குனியாவா?

இலை உதிர்ந்த பிறகு சிவந்த தண்டோடு நிற்கும் டாக்வுட் புதர்களான செரீசியா, ஆல்பா, சாங்குனியா ஆகிய மூன்று இனங்களும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். தோட்டத்தில் அவை நடந்துகொள்ளும் விதம் வேறு.

டாக்வுட்தானா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். இலைகள் எதிரெதிராக அமைந்திருக்கும். நரம்புகள் நுனியை நோக்கி வளைந்து ஓடும். இலையைக் குறுக்கே மெதுவாகப் பிய்த்தால் இரு துண்டுகளும் மெல்லிய வெள்ளை இழைகளில் தொங்கும். அடுத்து, இரண்டு வயதுத் தண்டு ஒன்றை நறுக்கி, அதன் நடுவிலுள்ள மென்மையான உட்சோற்றைப் பாருங்கள். அது பழுப்பாக இருந்தால் அமோமம், ரசிமோசா போன்ற வேறு இனமாக இருக்கலாம். செரீசியாவுக்கும் ஆல்பாவுக்கும் அது வெள்ளை. காயும் இரண்டிலும் வெள்ளைதான். கொட்டைதான் பிரித்துக் காட்டும். செரீசியாவின் கொட்டை ஏறக்குறைய உருண்டை, ஆல்பாவினுடையது நீண்டு இருமுனையும் கூம்பியது. காய் கறுத்திருந்து, இலையில் நரம்பும் 3 முதல் 5 ஜோடிதான் என்றால் அது சாங்குனியா.

வட அமெரிக்காவின் செரீசியா 6 முதல் 9 அடி வளரும். தரையைத் தொடும் கிளையெல்லாம் வேர்விட்டுப் பரவும். அரிக்கும் ஓடைக்கரைக்கு இதைவிட நல்ல புதர் எனக்குத் தெரியாது. சிறிய பாத்திக்கு மட்டும் வேண்டாம். அங்கே ஆர்க்டிக் ஃபயர் என்ற குட்டை ரகம் 3, 4 அடியோடு நிற்கும். சைபீரியா, வட சீனப் பகுதிகளின் ஆல்பா நிமிர்ந்து வளரும், அவ்வளவாகப் பரவாது. அதன் ரகங்களில், பவளச் சிவப்புத் தண்டுக்கு சிபிரிகா, வெள்ளை ஓர இலைக்கு எலகன்டிசிமா. வீட்டுத் தோட்டத்துக்கு என் தேர்வு ஆல்பாதான்.

இரண்டும் −40 டிகிரிக் குளிரையும் தாங்கும். வெப்பமும் வறட்சியும் சேர்ந்தால்தான் தளரும். அப்போது தண்டில் குழிந்த கருந்திட்டுகள் தோன்றி, அதற்கு மேலுள்ள பகுதி காய்ந்துபோகும். நோயுற்ற இடத்துக்குக் கீழே நல்ல பகுதிவரை வெட்டி அகற்றுங்கள். வேரடியில் 5 முதல் 8 செ.மீ. மூடாக்குப் போடுங்கள், தண்டை ஒட்டாமல்.

நிறம் மங்குவதற்குப் பெரும்பாலும் கவாத்துக் குறைவே காரணம். பளிச்சென்ற சிவப்பு இளந்தண்டில்தான் வரும். மூன்று வயதானால் பட்டை முதிர்ந்து சாம்பல் நிறமாகும். நட்ட இரண்டு, மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, குளிர்கால இறுதியில், துளிர்க்கும் முன், மொத்தத் தண்டுகளில் மிகப் பழையவையாக மூன்றில் ஒரு பங்கைத் தரையோடு வெட்டுங்கள். எல்லாவற்றையும் 5 முதல் 8 செ.மீ. உயரத்தில் வெட்டினால் நிறம் இன்னும் கூடும், ஆனால் அந்த ஆண்டு பூவும் காயும் கிடைக்காது. சாங்குனியாவின் மிட்வின்டர் ஃபயர் ரகம் இந்த முழுவெட்டைச் சரியாகத் தாங்காது. மெதுவாக வளர்வதால் அதற்கு மூன்றில் ஒரு பங்கு முறைதான் பொருந்தும். வெட்டிய ஆரோக்கியமான தண்டுகளை எறியாதீர்கள். பென்சில் கனமுள்ளவற்றை 20 முதல் 25 செ.மீ. துண்டுகளாக்கி, மூன்றில் இரண்டு பங்கு புதையும்படி ஈரமண்ணில் நட்டால் எளிதாக வேர்பிடிக்கும்.