‘இட்’ எங்கே நிற்க வேண்டும்: ஃப்ரேசல் வெர்ப் பயிற்சிச் செயலி ஒன்றின் மதிப்புரை

‘டர்ன் ஆஃப் த லைட்’ என்று சொல்லலாம். ‘டர்ன் த லைட் ஆஃப்’ என்றும் சொல்லலாம். ஆனால் அதே விளக்கை ‘இட்’ என்று குறிப்பிட்ட உடனே அந்தச் சுதந்திரம் போய்விடுகிறது. ‘டர்ன் இட் ஆஃப்’ என்பது மட்டுமே சரி. ‘டர்ன் ஆஃப் இட்’ என்பது, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகப் பேசுகிறவர் காதில் உடனே பிழையாக ஒலிக்கும். ‘இட்’, ‘ஹிம்’ போன்ற பிரதிப்பெயரும், வினையோடு ‘ஆஃப்’, ‘அப்’ போன்ற சிறு சொல் சேர்ந்து அமையும் ஃப்ரேசல் வெர்பும் சேரும் இந்த ஓர் இடத்தை மட்டுமே மையமாகக் கொண்ட கைப்பேசிச் செயலி ஒன்றைக் கடந்த நான்கு மாதங்களாகச் சந்தா கட்டிப் பயன்படுத்தி வருகிறேன். குறைகளையும் விரிவாகச் சொல்ல வேண்டியிருப்பதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன். இத்தகைய பயிற்சி எதையேனும் தேர்ந்தெடுக்க நினைப்பவர்கள் எதைக் கவனிக்க வேண்டும் என்பதற்கு என் அனுபவம் உதவும் என்று நம்புகிறேன்.

பாடம் இலக்கண விதியில் தொடங்குவதில்லை; கேள்வியில் தொடங்குகிறது. ‘டிட் யூ ஃபில் இன் த ஃபார்ம்?’ என்று ஒரு குரல் கேட்கிறது. ‘யெஸ், ஐ ஃபில்டு இட் இன்’ என்று நாம் வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். பார்க்க எளிமையாகத் தோன்றும் இந்த அமைப்பு தமிழர்களுக்கு மிகவும் பொருத்தமானது என்பதைச் சில நாள்களிலேயே உணர்ந்தேன். ‘படிவத்தை நிரப்பிவிட்டாயா?’ என்று கேட்டால் நாம் ‘நிரப்பிவிட்டேன்’ என்று மட்டுமே சொல்வோம். ‘அதை’ என்ற சொல் தேவைப்படுவதே இல்லை. அந்தப் பழக்கத்தோடு ஆங்கிலம் பேசும்போது ‘யெஸ், ஐ ஃபில்டு இன்’ என்று நிறுத்திவிடுகிறோம். ஆக, நமக்கு இரண்டு சிக்கல்கள் இருக்கின்றன: முதலில் ‘இட்’டை மறக்காமல் கொண்டுவர வேண்டும்; பிறகு அதை உரிய இடத்தில் வைக்க வேண்டும். தமிழில் இரண்டாம் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொண்டே வருவதால் ‘அவனை’ என்ற சொல்லை வாக்கியத்தில் எங்கே வைத்தாலும் பொருள் கெடுவதில்லை. ஆங்கிலத்திலோ ‘ஹிம்’ என்று வடிவம் மாறினாலும், அது நிற்கும் இடமும் சரியாக இருந்தாக வேண்டும். கேள்வி பதில் முறை இந்த இரண்டையும் ஒரே மூச்சில் பழக்கிவிடுகிறது.

செயலியின் உண்மையான பலம் அதன் ஒலிப்பதிவுகளில் இருக்கிறது. ‘டர்ன் இட் ஆஃப்’ என்பதை மூன்று தனிச் சொற்களாக யாரும் பேசுவதில்லை. ‘டர்னிடாஃப்’ என்று ஒரே சொல்லைப் போல ஓடுகிறது. ‘பிக் ஹிம் அப்’ என்பதில் ஹகர ஒலி கரைந்து ‘பிக்கிமப்’ ஆகிவிடுகிறது. முதலில் மெதுவாகவும், பிறகு இயல்பான வேகத்திலும், கடைசியில் தொலைபேசியில் கேட்பது போன்ற மங்கலான ஒலியிலும் ஒரே வாக்கியத்தைக் கேட்க வைக்கிறார்கள். இரண்டாம் மாதத்தில், ஒரு கூட்டத்தில் எதிரே இருந்தவர் வேகமாகச் சொன்ன ‘வீ கால்டிடாஃப்’ (‘வீ கால்டு இட் ஆஃப்’, அதாவது அதை ரத்து செய்துவிட்டோம்) எனக்குத் தடையின்றிப் புரிந்தது. அதுவே முன்பாக இருந்திருந்தால் அந்தச் சொற்கோவையைப் பிரித்துப் பார்ப்பதற்குள் பேச்சு அடுத்த செய்திக்குப் போயிருக்கும்.

ஆனால் நடுவில் பிரதிப்பெயரை ஏற்காத தொடர்களுக்கு வரும்போது பாடம் தளர்ந்துவிடுகிறது. ‘லுக் ஆஃப்டர் ஹர்’ சரி, ‘லுக் ஹர் ஆஃப்டர்’ தவறு. ‘லுக் ஃபார் இட்’ சரி, ‘லுக் இட் ஃபார்’ தவறு என்று ஒரு நீண்ட பட்டியலைக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். காரணத்தைச் சொல்லியிருக்க வேண்டும். ‘ஆஃப்’, ‘அப்’, ‘அவே’ போன்றவை ‘டர்ன் இட் ஆஃப்’ வகைத் தொடர்களில் வினையோடு சேர்ந்து அதன் பொருளையே மாற்றும் இடைச்சொற்கள். ‘லுக் அட் இட்’ என்பதில் உள்ள ‘அட்’ அப்படியன்று. அது தன்னை அடுத்து வரும் பெயரைத் தாங்கி நிற்கும் ப்ரிபொசிஷன். ஆகவே அதன் பெயரை அதற்கு முன்னால் கொண்டுபோக முடியாது. இந்த வேறுபாடு பெரும்பாலும் காதுக்கே கேட்கும்: ‘டர்ன் இட் ஆஃப்’ என்பதில் அழுத்தம் ‘ஆஃப்’ மீது விழுகிறது, ‘லுக் அட் இட்’ என்பதில் ‘லுக்’ மீது விழுந்து ‘அட்’ மங்கிவிடுகிறது. செயலியின் சொந்த ஒலிப்பதிவுகளிலேயே இது தெளிவாகக் கேட்கிறது; அதைச் சுட்டிக்காட்டும் ஒரு வரி மட்டும் எங்கும் இல்லை.

இந்தக் குறையை ஒரு பாடம் பெருமளவு ஈடுசெய்கிறது. ‘சீ த்ரூ ஹிம்’, ‘சீ ஹிம் த்ரூ’ என்ற இரண்டையும் அடுத்தடுத்து வைத்து ஒரு சிறிய உரையாடலை அமைத்திருக்கிறார்கள். முன்னது அவன் போடும் வேடத்தைக் கண்டுகொள்வது. பின்னது கடினமான காலத்தில் அவனைக் கைவிடாமல் கரைசேர்ப்பது. அதே சொற்கள் மூன்றுதான். ‘ஹிம்’ ஓர் இடம் நகர்ந்ததும் சந்தேகம் துணையாக மாறிவிடுகிறது. இடத்தைத் தவறவிட்டால் இலக்கணப் பிழையோடு நிற்காது, சொல்ல வந்ததற்கு முற்றிலும் வேறான செய்தி போய்ச் சேரும் என்பதை எந்தப் பட்டியலும் எனக்கு இவ்வளவு அழுத்தமாக உணர்த்தியதில்லை. இந்தப் பாடத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன்.

‘புட் அப் வித் தெம்’, ‘லுக் ஃபார்வர்ட் டு இட்’ போன்ற மூன்று சொல் தொடர்களில் பிரதிப்பெயர் இறுதியில் வரும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள், அது போதுமானது. காலணி, மூக்குக்கண்ணாடி, கால்சட்டை ஆகியவற்றுக்கு ‘டேக் இட் ஆஃப்’ என்று சொல்லாமல் ‘டேக் தெம் ஆஃப்’ என்று சொல்ல வைக்கும் பயிற்சியும் நன்று. தமிழில் கண்ணாடி ஒருமையாகவே இருப்பதால், நெடுநாள் ஆங்கிலம் பேசியவர்களும் இங்கே தவறுகிறார்கள்.

என் கடுமையான குறை திருத்தும் முறையைப் பற்றியது. ‘ஐ ஹாவ் டு பிக் அப் சம்திங்’ என்று பதில் சொன்னேன். தவறு என்று சிவப்பில் காட்டியது. ‘சம்திங்’கும் இலக்கணத்தில் பிரதிப்பெயர் வகையைச் சேர்ந்தது என்பதால் அதையும் ‘இட்’டைப் போல நடுவிலேயே வைக்க வேண்டும் என்று செயலி எதிர்பார்க்கிறது. உண்மையில் ‘பிக் அப் சம்திங்’, ‘பிக் சம்திங் அப்’ இரண்டும் வழக்கில் உள்ளவை. ஆங்கில வாக்கியத்தின் இறுதி இடம் பொதுவாகப் புதிய செய்திக்கும் கனமான செய்திக்கும் உரியது. ‘இட்’, ‘ஹிம்’, ‘தெம்’ ஆகியவை ஏற்கெனவே தெரிந்த ஒன்றை அழுத்தமின்றிச் சுட்டுவதால் அந்த இடத்துக்குப் பொருந்தாமல் நடுவில் ஒதுங்குகின்றன. நீளமான பெயர்த்தொடர் வந்தால் அது இடைச்சொல்லுக்குப் பின்னால் போவதற்கும் இதுவே காரணம். ‘சம்திங்’ கேட்பவருக்குப் புதிய செய்தி என்பதால் அதற்குத் தடையில்லை. ‘அவளை இல்லை, அவனைத்தான்’ என்று அழுத்தி வேறுபடுத்தும்போது ‘கால் அப் ஹிம், நாட் ஹர்’ என்றுகூடச் சொல்வதுண்டு. இதை விளக்கிப் பயனர் உதவிப் பிரிவுக்கு எழுதினேன். பாடத்தில் உள்ள விதியின்படி விடை சரியாகவே அமைக்கப்பட்டிருக்கிறது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. கற்பவர் சரியாகச் சொன்னதைத் தவறென்று சொல்லித்தரும் கருவி, அவர் பிழையைக் கவனிக்காமல் விடுவதைவிட அதிகத் தீங்கு செய்கிறது. அவர் தம் காதையே நம்பாமல் போய்விடுவார்.

பேச்சைக் கேட்டு மதிப்பிடும் பகுதியிலும் இதே முரண்பாடு இருக்கிறது. ‘த்ரோ தெம் அவே’ என்பதை ‘த்ரோவெமவே’ என்று குறுக்கிச் சொல்ல ஒலிப்பதிவு கற்றுத்தருகிறது. அப்படியே சொன்னால் மதிப்பீட்டுப் பகுதி ஏற்காமல் திரும்பச் சொல்லச் சொல்கிறது. ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியே நிறுத்தி உச்சரித்தால் முழு மதிப்பெண் கொடுக்கிறது.

வாசிக்கவும் எழுதவும் ஓரளவு தெரிந்து, பேசும்போது மட்டும் தயங்குபவர்களுக்கு முதல் மூன்று மாதங்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். கேள்வி பதிலையும் ஒலிப்பதிவுகளையும் முழுமையாகப் பயன்படுத்துங்கள். சிவப்பில் காட்டும் விடை ஐயமூட்டினால் நல்ல அகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆண்டுச் சந்தா தேவையில்லை. தொடக்க நிலையில் இருப்பவர்கள் இப்போதைக்குக் காத்திருப்பது நல்லது, ஏனென்றால் எந்தத் திருத்தத்தை நம்பலாம் என்று அவர்களால் பிரித்தறிய முடியாது. இந்த மதிப்புரையை எழுதி முடிக்கும் முன் ‘சம்திங்’ பயிற்சியை மீண்டும் ஒருமுறை திறந்து அதே பதிலைச் சொல்லிப் பார்த்தேன். இன்னும் சிவப்பில்தான் காட்டுகிறது.